பெருங்குடல் புற்றுநோய் மீண்டும் வருமா எனக் கணிக்கும் இணையக் கருவி: பயன்படுத்திய அனுபவம்

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையம் தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் இக்கருவியை, சத்திரசிகிச்சை முடிந்து கிளிநொச்சிக்குத் திரும்பியிருக்கும் என் பெரியப்பாவின் அறிக்கையை அருகில் வைத்துக்கொண்டு பயன்படுத்திப் பார்த்தேன். பெருங்குடல் கட்டி முழுமையாக அகற்றப்பட்டு, வேறு உறுப்புகளுக்கு நோய் பரவாதிருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். 2008 இல் வெளியான இதன் முதல் வடிவம், அந்நிலையத்தில் சிகிச்சை பெற்ற 1,320 பேரின் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது, புற்று முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களில் எத்தனையில் புற்று இருந்தது, குருதிக்கலன்களையோ நரம்புகளையோ அது ஊடுருவியிருந்ததா, பின்னர் கீமோ கொடுக்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகளுக்கு விடையளித்தால், நோய் திரும்பாதிருப்பதற்கான வாய்ப்பு நூற்றுவீதமாகக் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை, அந்த விடையைவிடக் கேள்விகளே பெறுமதியானவை. பெரியப்பாவின் அறிக்கையில் நரம்பு ஊடுருவல் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. எழுதப்படாததை 'இல்லை' என்று நிரப்பினால் நல்ல எண் வரும். ஆனால் அது பொய்யான ஆறுதல். கணுக்களும் அப்படித்தான்: குறைந்தது 12 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவாகையால், நான்கைந்தை மட்டும் பார்த்துவிட்டு 'புற்று இல்லை' என்று எழுதியிருந்தால் அதை முழுமையாக நம்ப முடியாது. இவற்றைக் குறித்துக்கொண்டுபோய்க் கிளினிக்கில் கேட்டோம். வைத்தியர் பொறுமையாக விளக்கி, விடுபட்டதை ஆய்வுகூடத்திடம் கேட்டுப் பெற்றுத் தந்தார்.

குறைகளும் உண்டு. கருவி முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், வன்னியில் பல குடும்பங்கள் படித்த பிள்ளை ஒன்றின் உதவியின்றி இதைத் தொட முடியாது. அதைவிடப் பெரிய குறை, எண்ணைச் சொல்லும் கருவி அடுத்து என்ன செய்வதென்று சொல்லாமல் விடுவது. நோய் திரும்புபவர்களில் பெரும்பாலானோருக்கு அது முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே திரும்புகிறது. ஈரலிலோ நுரையீரலிலோ சிறிதாக இருக்கும்போதே கண்டால் சிலருக்கு மறுபடியும் அறுத்து அகற்றலாம். ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை சீ.ஈ.ஏ. குருதிப் பரிசோதனை (நோய் திரும்பும்போது குருதியில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது), வைத்தியர் சொல்லும் காலத்தில் சீ.ரி. ஸ்கான், ஓராண்டில் கொலனோஸ்கொபி (கமெரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பது) என்பவற்றை, ஏ9 வீதியால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை வரை போய்வர வேண்டியிருந்தாலும், எண் நல்லதாக வந்துவிட்டதென்று தவறவிடக் கூடாது.

நோயாளியிடம் தனியே கொடுத்துப் பார்க்கச் சொல்வதற்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அறிக்கையை வாசிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர், கிளினிக்குக்கு முன் கேள்விகளைத் தயார்செய்ய, தாராளமாகப் பயன்படுத்தலாம்.