சுணையிடம் தோற்ற சல்லடை: ஏழு ஆண்டு அனுபவம்

ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகருக்கு வடக்கே உள்ள சுண்ணாம்புக்கல் மேடுகளில், வயல்வேலிகளை ஒட்டிக் காட்டு ரோஜாப் புதர்கள் மண்டிக் கிடக்கும். அவற்றின் சிவப்புக் கனியான ரோஸ் ஹிப்பிலிருந்து கூழ் எடுப்பதற்காக, கைப்பிடியைச் சுற்றி மசிக்கும் எவர்சில்வர் சல்லடைப் பாத்திரம் ஒன்றை ஏழு இலையுதிர் காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அது விலை குறைந்திருப்பதாகவும் வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். சென்ற வாரம்தான் அதன் அடியில் இருந்த ஸ்பிரிங் உடைந்து, பதினோரு யூரோ கொடுத்து மாற்றினேன் என்பதால், பதிலில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது வருவதற்கு முன்பு, ஒவ்வொரு கனியையும் இரண்டாகப் பிளந்து, தேக்கரண்டியின் நுனியால் விதைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிலோவுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போய்விடும். இப்போது காம்பையும் கருகிய நுனியையும் கிள்ளிவிட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில் குழைய வேகவைத்துக் கொட்டிச் சுற்றினால், செங்கல் நிறத்தில் தக்காளித் தொக்கைப் போன்ற கூழ் கீழே இறங்குகிறது. விதையும் தோலும் மேலேயே நின்றுவிடுகின்றன. அடைத்துக்கொண்டால் கைப்பிடியை எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

ஆனால் விதைகளைச் சுற்றிக் கனிக்குள் அடைந்திருக்கும் சுணைக்கு இந்தப் பாத்திரத்திடம் பதில் இல்லை. ஜெர்மானியப் பிள்ளைகள் இதைத்தான் அரிப்புப் பொடியாக ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு விளையாடுவார்கள். நம் ஊர்ப் பூனைக்காலிக்குத் தூரத்து உறவு என்று தோன்றும். பாத்திரத்தின் அடியில் மாற்றிப் போடும் சல்லடைத் தட்டுகளிலேயே மிக நுண்ணியதன் துளை ஒரு மில்லிமீட்டர். சுணையோ தலைமுடியைவிட மெல்லியது. முதல் ஆண்டு எடுத்த கூழை ஒரு கரண்டியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பொன்னிறத் துகள்கள் அதில் படுத்துக் கிடந்தன. அதைத் தின்ற என் மகள் இரண்டு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். விதையுள்ள பழங்களுக்கும் உகந்தது என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்துக் குறைந்தபோது, வைட்டமின் சி வேண்டி 1941 முதல் பிரிட்டனில் ஊர் ஊராக இந்தக் கனியைச் சேகரித்துப் பாகு காய்ச்சினார்கள். அந்தக் காலத்து அரசுச் செய்முறையிலேயே, சாற்றைத் துணிப்பையில் வடியவிட்டு, முதலில் இறங்கும் அரைக் கோப்பையைச் சுணைக்காக மறுபடியும் துணியில் ஊற்ற வேண்டும் என்று இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி இது. ஆகவே நானும் கூழை வெந்நீர் விட்டு இளக்கி, மெல்லிய துணியில் பிழிகிறேன். பிழிந்த பிறகு மணிக்கட்டுவரை அரிக்கிறது. அப்புறம் பாதி எடைக்குச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, சூடு ஆறுமுன் பாட்டிலில் அடைத்தால் மறு வசந்தம்வரை கெடுவதில்லை.

பறிப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: தோல் கையுறை அவசியம், முள் கொக்கிபோல் வளைந்திருப்பதால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதல் உறைபனி விழும்வரை காத்திருந்தால் கனி தானாக நெகிழ்ந்து சுற்றும் வேலை பாதியாகிறது. பொறுமை இல்லாதவர்கள் ஓரிரவு உறைபெட்டியில் வைக்கலாம்.

இந்த வட்டாரத்தில் ஹிஃபன்மார்க் எனப்படும் இந்தக் கூழை, பிப்ரவரித் திருவிழாவுக்குப் பொரிக்கும் கிராப்ஃபன் என்ற இனிப்பு உருண்டைக்குள் வைப்பார்கள். புளிப்பும் தேன்மணமும் கலந்த அந்த ஒரு கடிக்காகத்தான் ஆண்டுதோறும் இரண்டு பாட்டிலை ஒளித்து வைக்கிறேன். கடையில் கிடைக்கும் கூழ் எதுவும் இதற்கு அருகில் வந்ததில்லை.

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அக்டோபர் கடைசியில் வந்து என்னுடையதை எடுத்துப் போகட்டும். ஆனால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், ஏனெனில் நவம்பர் தொடக்கத்தில் எனக்கு அது கட்டாயம் வேண்டும்.