குளியலறைக் காற்றாடிக்கு ஈரப்பத உணரியா, டைமரா? செந்தூல் வீட்டில் பொருத்திப் பார்த்த கருவி பற்றிய மதிப்பீடு

சன்னல் இல்லாத குளியலறையில் எக்ஸாஸ்ட் காற்றாடி எப்போது ஓடத் தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்போது கோலாலம்பூரில் எளிதாகக் கிடைக்கின்றன. புடு, ஜாலான் பாசாரில் உள்ள மின்சாதனக் கடையொன்றில் வாங்கி, செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பொருத்திப் பயன்படுத்திவரும் அத்தகைய கருவியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இதே வகைப் பெட்டி பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைவிட அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே நல்லது. ஆகவே பெயரைக் குறிப்பிடவில்லை.

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி அது. மூடியைக் கழற்றினால், சிறிய ஸ்க்ரூட்ரைவரால் திருப்பக்கூடிய மூன்று திருகுகள் தெரியும். ஈரப்பதம் எத்தனை விழுக்காட்டைத் தாண்டினால் காற்றாடி ஓட வேண்டும் என்பதை முதல் திருகு 40 முதல் 90 வரை தீர்மானிக்கிறது. விளக்கை அணைத்த பிறகு எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பதற்கு இரண்டாவது. விளக்கைப் போட்டு எவ்வளவு நேரம் கழித்து ஓடத் தொடங்க வேண்டும் என்பதற்கு மூன்றாவது. முதல் திருகை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பிவிட்டால் ஈரப்பத உணரி வேலை செய்யாது, டைமர் மட்டும் இயங்கும். இந்த வசதி மட்டும் இல்லாதிருந்தால் இக்கருவியை நம் ஊரில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் நம் ஊரின் காற்றுதான். இதுபோன்ற உணரிகள் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அங்கே வீட்டுக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்கும்; யாராவது வெந்நீரில் குளித்தால் சட்டென்று ஏறும், காற்றாடி ஓடினால் மீண்டும் இறங்கும். அதனால்தான் கையேடு 65 விழுக்காட்டில் வைக்கச் சொல்கிறது, கடைக்காரரும் அதை மாற்ற வேண்டாம் என்றார். ஆனால் கோலாலம்பூரில் வெளிக்காற்றே பெரும்பாலான நேரம் 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் கொண்டது. விடியற்காலையில் 90-ஐயும் தாண்டும். குளியலறைக் காற்றை வெளியேற்றினால் அந்த இடத்துக்கு வருவதும் அதே ஈரக்காற்றுதான் என்கிறபோது, 65 என்ற எல்லைக்குக் கீழே ஈரப்பதம் இறங்குவது எப்படி? காற்றாடி இரவும் பகலும் நிற்காமல் ஓடியது. எல்லையை 90-க்கு உயர்த்தினால், வெயிலடிக்கும் பிற்பகலில் ஒருவர் குளித்து முடிக்கும் தறுவாயில்தான் அது விழித்துக்கொள்கிறது. தீபாவளியை ஒட்டிய மழை மாதங்களிலோ, குளிக்க ஆளே இல்லாதபோதும் அதிகாலையில் தானாக ஓடுகிறது. எந்த எண்ணில் வைத்தாலும் இந்த இரண்டு குறைகளில் ஒன்று வந்தே தீரும்.

தொடர்ந்து ஓடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சுமார் 20 வாட் எடுக்கும் காற்றாடி நாள் முழுவதும் ஓடினாலும் அரை யூனிட் மின்சாரத்தைத் தாண்டாது என்பது உண்மைதான். ஆனால் இழப்பு காற்றாடியின் மின்சாரத்தில் இல்லை. மணிக்கு 90 கனமீட்டர் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி, அதே அளவு காற்றைக் கதவின் அடிப்பகுதி இடைவெளி வழியாகப் படுக்கையறையிலிருந்து இழுக்கிறது. 12 சதுர மீட்டர் படுக்கையறையில் இருப்பது ஏறக்குறைய 32 கனமீட்டர் காற்று. அதாவது, ஏர்கோன் ஓடும் நேரத்தில் அது குளிர்வித்து வைத்த காற்றை, ஏறக்குறைய மூன்று படுக்கையறை அளவுக்கு, ஒவ்வொரு மணி நேரமும் கூரைக்கு மேலே அனுப்பிவைக்கிறோம்.

ஈரப்பதம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்காமல், சில நிமிடங்களில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கும் உணரிகளும் உண்டு. நம் தட்பவெப்பத்துக்கு அவை நிச்சயமாக மேலானவை. ஆயினும் மழைக்காலை நேரத்தில் அறையின் ஈரப்பதம் முன்னரே 90-ஐத் தாண்டி நிற்கும்போது ஏறுவதற்கு அதிக இடமில்லை என்பதால், அவையும் சில நேரம் ஏமாற்றக்கூடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அத்தை போன்றவர்கள் விடியலில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். ஆவி எழாது, உணரிக்கு எதுவும் தெரியாது, ஆனால் தரையும் சுவரும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கறுப்புப் பூஞ்சை படிவதற்கு அந்த ஈரமே போதும்.

ஆகவே உணரியை முடக்கிவிட்டு டைமரை மட்டும் பயன்படுத்துகிறோம். விளக்கைப் போட்டு 2 நிமிடம் கழிந்த பிறகே காற்றாடி ஓடத் தொடங்குகிறது. இதனால் நள்ளிரவில் ஒரு நிமிடம் உள்ளே சென்று வருபவருக்காக அது சத்தம் எழுப்புவதில்லை. விளக்கை அணைத்த பிறகு 15 நிமிடம் ஓடும்படி முதலில் வைத்திருந்தேன். திறக்கக்கூடிய சன்னல் இல்லாத குளியலறைக்கு இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி சொல்லும் நேரமும் இந்த 15 நிமிடம்தான். எங்கள் குளியலறையின் கொள்ளளவு 9 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 90 கனமீட்டர் தள்ளும் காற்றாடி அதிலுள்ள காற்றுக்குச் சமமான அளவைச் சுமார் 6 நிமிடத்தில் வெளியேற்றிவிடும். எண்ணெய்க் குளியல் முடிந்து வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியில் படிந்த ஆவி ஓரங்களிலிருந்து விலகி நடுவில் ஒரு திட்டாகச் சுருங்கி மறைவதைத் திறந்த கதவு வழியே பார்க்கலாம். ஆனால் ஓடுகளின் இடுக்குகள் காய 15 நிமிடம் போதாது. தலைக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமைகளை எண்ணி 20-க்கு மாற்றினேன், அதுவே சரியாக இருக்கிறது.

பொருத்தும் வேலையில்தான் கவனம் தேவை. இக்கருவிக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும் லைவ் கம்பி ஒன்று, விளக்கு சுவிட்சிலிருந்து வரும் லைவ் கம்பி ஒன்று, அதோடு நியூட்ரல் ஆகியவை வேண்டும். பழைய அடுக்குமாடி வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வருவதே இல்லை. "அக்கா, இந்த பாக்ஸ்ல நியூட்ரல் இல்ல, மேல சீலிங்லதான் வைக்கணும்" என்று வந்திருந்த வயர்மேன் தம்பி திறந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார். காற்றாடிக்குப் பக்கத்தில், பொய்க்கூரைக்கு மேலே, தண்ணீர் படாத இடத்தில் பெட்டியை வைத்து, பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் குளியலறைக்கு வெளியே தனி சுவிட்ச் ஒன்றையும் போட்டுக்கொடுத்தார். கூலி கருவியின் விலையைவிட அதிகமானது; அந்தச் செலவில் எனக்குக் குறையே இல்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைத் தவிர வேறு யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெட்டியில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கருவியின் மீது எனக்குள்ள குறை, திருகுகளின் அருகே எண்கள் மிகச் சிறியதாக அச்சிடப்பட்டிருப்பது. கூரைக்கு மேலே கைவிளக்கு வெளிச்சத்தில் அவற்றைப் படிப்பது கடினம், ஏணியை எடுத்து வைக்கும் முன்பே, கீழே வைத்துத் திருப்பிவிடுவது நல்லது. காற்றாடி நின்றவுடன் பொதுக் காற்றுக்குழாய் வழியே பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாடை உள்ளே வருவது கருவியின் குற்றமன்று; தானாக மூடிக்கொள்ளும் தடுப்புத் தகடு காற்றாடியில் இல்லாவிட்டால் எந்த டைமராலும் அதைத் தடுக்க முடியாது.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட விதிகள், குளியலறைக்குக் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்கின்றன. அப்படி வெளிப்புறம் பார்த்த சன்னலோ கண்ணாடித் தட்டுச் சன்னலோ உள்ள தரைவீடுகளில் வசிப்பவர்களுக்கு இத்தனை திருகுகள் கொண்ட கருவி வேண்டியதில்லை. சுவரில் பொருத்தி நிமிடத்தைத் திருப்பி வைக்கும் சாதாரண டைமர் சுவிட்சே போதும்.