பள்ளத்தூர் டு காரைக்குடி: டீசல் காரா, டவுன் பஸ்ஸா?

தினமும் வேலைக்குப் போக எதை நம்பலாம் என்று கேட்ட நண்பருக்காக இது. என் டீசல் காரின் புகை வடிகட்டியான டிபிஎஃப் வேலைக்கான பில் மேசையில் கிடக்கிறது. சூடு கொஞ்சம் தெறிக்கலாம்.

மைலேஜ், ஏசி, சீட் என்று காரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பத்து கிலோமீட்டர் போல இருக்கும் இந்தத் தூரத்துக்கு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் ஆகவே ஆகாது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை எரிக்கக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். கால் மணி நேரமாவது வண்டி நிற்காமல் ஓட வேண்டும். எரிப்பு தொடங்கும் நேரத்தில் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் வந்துவிடும். வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். இதுவே தொடர்ந்தால் டாஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரியும். மிச்ச டீசல் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம்; நீர்த்த ஆயில் டர்போவைத் தின்றுவிடும்.

விளக்கு வந்த உடனே திருமயம் ரோட்டில் நாலாவது கியரில், 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், இருபது நிமிஷம் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். வாரம் ஒருமுறை இப்படி ஓட்டினால் வராமலே தடுக்கலாம். ஆயில் சாம்பல் குறைந்த சி3 ரகம்தானா என்று டப்பாவைப் பாருங்கள். இழுவை குறைந்துவிட்டால் ஓட்டாதீர்கள், ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுத்தான் கரியை எரிக்க வேண்டும்.

பஸ்ஸில் இந்த வைத்தியமெல்லாம் டிப்போ பாடு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காலையில் சீதாலட்சுமி ஆச்சி கல்லூரிப் பிள்ளைகளோடு படிவரை நிறைந்து வருவதால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நேரம் போகும். வரவு பிந்தினால் திரும்புவதும் பிந்தும். பத்து நிமிஷம், கணக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்கில் அடங்காதது ட்ரிப் கட், அதாவது அந்த நடையே ரத்தாவது. வண்டி ரிப்பேரோ, டிரைவர் லீவோ, பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு ஸ்பெஷல் போய்விட்டதோ, நிறுத்தத்தில் நிற்கிறவர் காதுக்கு ஒரு சொல் வராது. பஸ் பிந்தினால்கூடப் பரவாயில்லை. வருமா வராதா என்பதே தெரியாமல் நிற்கிற கடுப்பு இருக்கிறதே!

நம்பகம் மட்டும் பார்த்தால் காருக்குத்தான் மார்க். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும், மறுக்க முடியாது. இருந்தாலும் இந்த டிபிஎஃப் தொல்லையை நினைத்தால், தினப்படிக்கு பஸ்ஸிலேயே போங்கள். கார் வாங்கியே தீருவேன் என்றால் பெட்ரோல் வாங்குங்கள், முகூர்த்த நாளில் பட்டு வேட்டி கசங்காமல் போகவாவது உதவும்.