தோள்பட்டைக்குப் பிளேட் வைக்கக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க

ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய். காங்கயம் பக்கம் கட்டுத்தரையில வழுக்கி விழுந்த எங்க அம்மிச்சிக்கு (வயசு 71) மேல்கை எலும்பு தோள்கிட்ட நாலு துண்டாப் போச்சு. ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில கட்டின பணம் அது. இன்னைக்கு அந்தக் கையால தலை சீவ முடியல. என்னென்ன கேக்கணும்னு கடைசில எழுதறேன்.

"ஆறு வாரத்துல பால் கறப்பீங்க ஆத்தா"ன்னு டாக்டர் கையைப் பிடிச்சுச் சொன்னாருங்க. அந்த வார்த்தையை நம்பித்தான் கையெழுத்து. சிடி ஸ்கேன் கிடையாது, நேர்ப்பக்கம் ஒரே ஒரு எக்ஸ்ரே. மேல்கை எலும்போட உருண்டைத் தலை, அதான் பந்து, எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, உள்பக்க விளிம்பு நொறுங்கியிருக்கான்னு அதுல எப்படித் தெரியும்?

மூணாவது வாரம் வலின்னு போனா "பிசியோ பத்தல". அஞ்சாவது வாரம் "வயசு அப்படிங்க". ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த படத்தைக் கேட்டா "சிஸ்டத்துல இருக்கு, சார் கேம்ப் போயிருக்காரு".

கோயமுத்தூர்ல புதுசாப் படம் எடுத்தாங்க. லாக்கிங் பிளேட், பந்துக்கு வெளிப்பக்கம் தசைநார் ஒட்டற எலும்பு மேட்டோட உச்சியையும் தாண்டி நிக்குது. 5 முதல் 8 மில்லிமீட்டர் கீழ இருக்கணும், இல்லாட்டிக் கையைத் தூக்கறப்ப மேல இடிக்கும். பந்தை அடியிலிருந்து தாங்கற சாய்வு ஸ்க்ரூ ஒண்ணுகூட இல்ல. வயசானவங்க பந்துக்குள்ள எலும்பு பஞ்சு மாதிரி. முட்டு இல்லாமப் பந்து உள்பக்கமாச் சரிஞ்சிருச்சு. லாக்கிங் ஸ்க்ரூ பிளேட்டோட பூட்டிக்கிறதால பின்வாங்காது. பந்து இறங்க இறங்க ஸ்க்ரூ நுனி அதைத் துளைச்சு, பந்து உக்காரற தோள் குழிக்குள்ள வந்திருச்சு. தசைநாரைப் பிளேட் ஓட்டையோட நூல் போட்டுக் கட்டினதா ஆபரேஷன் குறிப்புல ஒரு வரி இல்ல. எலும்பு மேடு பின்னால விலகிக் கிடக்குது.

பிசியோ பத்தலைன்னாங்களே, கையைத் தூக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்க்ரூ குழியைச் சுரண்டியிருக்கு! ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் வாங்கிட்டு ஒரு படம் பாக்க நேரமில்லையா?

இப்பப் பிளேட்டைக் கழட்டிட்டு, பந்தும் குழியும் இடம் மாத்தி வைக்கிற ரிவர்ஸ் தோள் மூட்டு போடணுமாம். அதுக்குத் தனிச் செலவு.

சீக்கிரமாச் சொல்லிடறேன். துண்டு அதிகமா விலகலைன்னா கையைக் கழுத்துல தொங்கவிடற தூளிக்கட்டே பெரும்பாலும் போதும், முதல்ல அதைக் கேளுங்க. நாலு துண்டுன்னா சிடி எடுக்காம ஒத்துக்காதீங்க. எழுபது தாண்டினவங்களுக்குப் பிளேட்டா, ரிவர்ஸ் மூட்டா, ஏன்னு கேளுங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ரெண்டு கோணத்துல எடுத்த படம் கையில வாங்கிடுங்க. பிளேட், ஸ்க்ரூவோட ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டுல ஒட்டச் சொல்லி நகல் வாங்குங்க. நாங்க கேட்டு ஒன்பது நாளாச்சு, இன்னும் தரல.