காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்கும் என் பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப்பும்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். அதற்காக 2017 கடைசியில் பாளையங்கோட்டையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்.எஸ்.டி., படங்களுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க், அதுதான் டி டிரைவ். ப்ராசசரிலோ ரேமிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மெஷின் கொடுத்த தொல்லை ஒரே வகைதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு நாள் டி டிரைவ் இருக்காது. புகார் எப்போதும் ஒன்று, காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. டிஸ்க்கே காரணமாக இருந்தது கடைசியில்தான். ஆனால் சர்வீஸுக்கு வந்த தம்பி முதல் நாளிலேயே, மூடியைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, டிஸ்க் போயிட்டு. புதுசு ஒண்ணு போட்டிருவோம்."

அந்த அவசரத்துக்கு முன் பார்க்க வேண்டியது, டிஸ்க் எங்கே காணவில்லை என்பதை. விண்டோஸில் மட்டும் காணவில்லையா, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே காணவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போனால், டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா போர்ட்டுகளின் பட்டியலில் டிஸ்க்கின் மாடல் எண் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கே இருந்து, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து மட்டும் கழன்று போயிருந்தால் அங்கேயே கொடுத்துக்கொள்ளலாம். 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மட்' செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் ஓகே கொடுக்காதீர்கள். உள்ளே படம் இருக்கும் டிஸ்க்கைப் பார்த்துத்தான் அது அப்படிக் கேட்கிறது. பயாஸிலேயே இல்லை என்றால் டிரைவரை மாற்றுவதும் விண்டோஸை மறுபடி போடுவதும் வீண் வேலை.

அடுத்து காது. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, ஆன் செய்யும்போது டிஸ்க் பக்கம் காதை வையுங்கள். மெல்லச் சுழலத் தொடங்கி ஒரு ரீங்காரத்தில் நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் அதற்குக் கரண்ட் போகவில்லை. ரீங்காரம் இருக்கிறது, பயாஸில் மட்டும் இல்லை என்றால் முதல் சந்தேகம் டேட்டா கேபிளும் போர்ட்டும். சீரான இடைவெளியில் டிக், டிக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது, டேட்டா பதிந்திருக்கும் தகட்டைப் படிக்கும் ஹெட் தடுமாறும் சத்தம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதுதான் அந்த நிலையில் டிஸ்க்குக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

எனக்கு முதலில் வந்த தொல்லை கேபிளால். பென் டிரைவிலிருந்து பெரிய ஃபோல்டரை டி டிரைவுக்குக் காப்பி செய்யும்போது மெஷின் அப்படியே உறைந்துவிடும். அப்புறம் டிரைவ் மறைந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் வந்து நிற்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது மேலே 'குட்' என்று நீலத்தில் காட்டியது. அதை மட்டும் பார்த்தால் போதாது. கீழே உள்ள ஸ்மார்ட் பட்டியலில், அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைக்கும் கணக்கில், சி7 என்ற வரியில் எண் ஏறியிருந்தது. 05, சி5 இரண்டும் பூஜ்யம்.

இந்த மூன்று வரிகளையும் படிக்கத் தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள், அதாவது டேட்டா பதியும் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல், இன்னும் முடிவு செய்யப்படாமல் காத்திருக்கும் செக்டார்கள். இவை இரண்டும் தகட்டின் சமாச்சாரம். சி7 அப்படியல்ல. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே போன டேட்டா, போய்ச் சேர்ந்தபோது சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகாத சம்பவங்களின் கணக்கு அது. அதாவது, குற்றம் பெரும்பாலும் வழியில். கேபிளை மாற்றினாலும் இந்த எண் இறங்காது. ஆகவே எண்ணை ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டுக் கேபிளை மாற்றுங்கள். சில வாரம் கழித்தும் அதே எண் இருந்தால் சரி, கேபிள்தான் திருடன். எண்களை இந்த மென்பொருள் முதலில் எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறடிமான முறையில் காட்டும், மெனுவில் போய்ப் பதின்மத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சில கம்பெனி டிஸ்க்குகளில் 01, 07 வரிகளில் பயங்கரமான எண் நிற்கும். அது அவர்கள் எண்ணிக்கை வைக்கும் முறை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என் கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. போர்டோடு வந்த கேபிள் அல்ல, அசெம்பிள் செய்தவர் கையில் கிடைத்ததைப் போட்டிருந்த சிவப்புக் கேபிள். உலோகக் கிளிப் இல்லை. பக்க மூடி அழுத்தி அழுத்தி, பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரலால் தொட்டால் ஆடியது. சாட்டா டேட்டா பிளக்கில் இருப்பது 7 தொடுமுனைகள். கேபினெட்டுக்குள் பயன்படும் இந்த இணைப்பு சுமார் 50 முறை மாட்டிக் கழற்றுவதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. தினம் செருகி எடுக்கும் யூஎஸ்பி மாதிரி அல்ல. கிளிப் வைத்த கேபிளாக வாங்கி, மடிப்பு விழாமல் வளைத்து மாட்டினேன். நூறு ரூபாய் சொச்சம்தான் ஆனது. சி7 அன்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்தது சீமாஸ் பேட்டரி. இதில் சொல்ல அதிகம் இல்லை. போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் செட்டிங்கை மறந்துவிடும். பூட் வரிசை மாறும், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து வேறொன்றுக்குத் தாவினாலும் தாவும். உடனே பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தியோ நீலத்திரையோ வரும். தேதியும் மணியும் பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் வேறு எதையும் நோண்டாமல் பேட்டரியை மாற்றுங்கள். நம் ஊரில் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அது நல்ல பழக்கம்தான். ஆனால் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கடிகாரத்தைத் தாங்குவது அந்தப் பேட்டரி என்பதால் சீக்கிரம் தீரும்.

எரிச்சலூட்டியது எம்.2 விவகாரம். வேகம் வேண்டும் என்று கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 ரக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டேன், ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. எதுவும் கெடவில்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஏதாவது ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டில் ஆள் வந்தால் அந்தப் போர்ட் அணைந்துவிடும். மேனுவலில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாக இதைப் போட்டிருந்தார்கள். போர்டின் மேல் அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வார்த்தை அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? பக்கத்துப் போர்ட்டுக்குக் கேபிளை மாற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது.

ரொம்ப நாள் அலைக்கழித்தது, மெஷினுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். காலையில் ஆன் செய்தால் டிஸ்க் இருக்காது. ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடும். அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை. மறுநாள் காலை மறுபடி அதே கதை. சி7 ஏறவில்லை, சி5 பூஜ்யம், கேபிள் புதுசு.

காரணம், ஹார்ட் டிஸ்க் கரண்ட் எடுக்கும் விதத்தில் இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு ஏழெட்டு வாட் போதும். நின்றுகொண்டிருக்கும் தகடுகளைச் சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவரும் அந்தச் சில வினாடிகளில் மட்டும் 12 வோல்ட் பாதையில் சுமார் 2 ஆம்பியர், அதாவது 24 வாட் அளவுக்கு இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருந்தால் சரியாக அந்த நொடியில் வோல்டேஜ் தாழ்ந்துவிடும், டிஸ்க் தடுமாறும், பயாஸ் காத்திருக்காமல் கடந்து போய்விடும். ரீஸ்டார்ட் செய்யும்போது தகடு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் சிக்கல் இல்லை. பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' ஆன் ஆகியிருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் முதலில் அதை ஆஃப் செய்து பார்த்தேன். பலனில்லை. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தேன். 12 வோல்ட்டில் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சும்மா ஓடும்போது சரியாகக் காட்டிய மீட்டர், ஆன் செய்யும் கணத்தில் 11-ஐ ஒட்டி இறங்கி ஏறியது. சிவப்பு வயரின் 5 வோல்ட்டில் குறை இல்லை.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். மேல் '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நான் நம்புவதில்லை. சான்றிதழ் உள்ள ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டபின் காலை ரீஸ்டார்ட் வழக்கம் ஒழிந்தது. பழையதைக் கழற்றும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: பழைய நான்கு முனை மோலெக்ஸ் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர், வாய்ப்பகுதி பழுப்பேறி லேசாக உருகியிருந்தது. பிளாஸ்டிக்கை வயர் மேல் ஒரேயடியாக வார்த்துச் செய்யும் இந்த ரகம் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது. உங்கள் கேபினெட்டில் இருந்தால் இன்றே எடுத்து வீசுங்கள்.

போர்ட்டும் குற்றவாளியாகலாம், டிஸ்க்குக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரும் ஆகலாம். இன்டெல் 6 சீரிஸ் சிப்செட்டில் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நாளாக நாளாகத் தேயும் என்று தெரிந்து, அந்த நிறுவனமே 2011 ஜனவரி 31 அன்று அறிவித்து விநியோகத்தை நிறுத்தியது. அதே போர்டில் 6 ஜிகாபிட் போர்ட்டுகளுக்குப் பாதிப்பில்லை. அந்தக் காலத்துப் போர்டை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் டிஸ்க்கை இந்த 6 ஜிகாபிட் போர்ட்டுகளுக்கு மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் முன்னால், சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் சில, ஃபர்ம்வேர் கோளாறால் ஒரு நாள் ஆன் செய்ததும் பயாஸிலிருந்தே மறைந்தன. தகடு, ஹெட், டேட்டா எல்லாம் நன்றாக இருந்தும் டிஸ்க் பதில் சொல்லாது. 2009 ஜனவரியில் புது ஃபர்ம்வேர் வெளியிட்டார்கள்.

கடைசியில் என் டிஸ்க் நிஜமாகவே போனது. இந்தத் தடவை மறைந்து மறைந்து வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது, சிறு படங்கள் வரவில்லை. சி5 ஏறியிருந்தது, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் இருந்தது. இந்த நிலையில் விண்டோஸோடு வரும் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அது சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து வேறொரு டிஸ்க்குக்கு முழுசாகப் பிரதி எடுத்தேன். சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் முறை. எதுவரை எடுத்தது என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேமராவின் சில ரா ஃபைல்கள் தவிர எல்லாம் வந்தன.

டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது, அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டுவது எல்லாம் வீடியோக்களில் நன்றாக இருக்கும். இன்றைய டிஸ்க்குகளில் சர்க்யூட் போர்டிலேயே அந்தந்த டிஸ்க்குக்கான தனிக் கணக்குகள் இருப்பதால், சும்மா மாற்றி மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. தட்டும் சத்தம் வந்த டிஸ்க்கில் விலைமதிப்பான படம் இருந்தால் ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்கும் தொகையில் புது டிஸ்க்குகள் பல வாங்கலாம்.

மெஷினை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. படங்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று கேபினெட்டுக்கு வெளியே. மேஜை டிராயரில் கிளிப் வைத்த கேபிள் ஒன்று உபரியாகக் கிடக்கிறது. போர்டில் மூன்றாவது சாட்டா போர்ட் மட்டும் லேசாக ஆடுகிறது. அதில் டிவிடி டிரைவை மாட்டிவிட்டேன். அது காட்டாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.