பால்போல் வெளுத்த 'பாய் ஹே' வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரின் சீன மருந்துக்கடைகளில் 'பாய் ஹே' என்ற பெயரில் விற்கப்படும் உலர்ந்த லில்லிக் கிழங்கை வாங்குகிறவர்களுக்காக, அதிலும் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருப்பவர்களுக்காக, சென்ற மாதம் எங்களுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி வெண்காளான், தாமரை விதை, சீன இலந்தைப்பழம், கற்கண்டு ஆகியவற்றோடு இந்தக் கிழங்கின் இதழ்களையும் போட்டு இனிப்புச் சூப் காய்ச்சுவார். ஒரு நாள் அவர் கொடுத்தனுப்பிய கிண்ணம் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. வறட்டு இருமலுக்கும் தூக்கம் வராமைக்கும் சீனர்கள் இதைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஆன்ட்டி சொன்னதும், தானே காய்ச்ச வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்.

நான் போன கடையில் இரண்டு கண்ணாடிச் சாடிகள் இருந்தன. ஒன்றில் இருந்தவை மங்கிய தந்த நிறத்தில், சில இதழ்களின் ஓரத்தில் லேசான ஊதா படிந்து காணப்பட்டன. மற்றொன்றில் இருந்தவையோ சுண்ணாம்பு அடித்ததுபோல் பளீரென்று வெளுத்திருந்தன. விற்பனையாளர் முதல் சாடியைப் 'பழைய சரக்கு' என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளையாக இருப்பதே சீனாவின் லான்சோ ஊரில் விளைந்த முதல் தரம் என்றும், அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு என்று நான் தெளிவாகச் சொன்ன பிறகும், ஆஸ்துமாவுக்கே இது மருந்து என்றும் உறுதி கூறினார். 300 கிராமுக்கு 24 வெள்ளி கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து ஏமாந்ததில் என் பங்கும் உண்டு.

மறுநாள் காலை சூப் கொதிக்கும்போது அம்மா மூடியைத் திறந்து கிண்டினார். அணைந்த தீக்குச்சியின் நெடி கூடம் வரை வந்தது. கூப்பிடு குரல் கேட்டு நான் ஓடியபோது அவர் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இன்ஹேலரில் அடங்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் நெபுலைசர் வைத்த பிறகே இழுப்பு தணிந்தது. என்ன சமைத்தீர்கள் என்று கேட்ட மருத்துவர், உலர்பொருள்களில் தங்கும் கந்தக டைஆக்சைடும் சல்ஃபைட் என்னும் கந்தக உப்புகளும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைத் தூண்டும் என்று விளக்கினார்.

மாலையில் ஆன்ட்டி மிச்சப் பொட்டலத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். ஒரு கைப்பிடியை வெந்நீர்க் குவளையில் போட்டு, தட்டால் ஐந்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்: அதே நெடி. ஓர் இதழை நாக்கில் வைத்தால் புளிப்பு, பின்னால் கசப்பு. கான்சு மாநிலத்து லான்சோவில் விளைவது இனிப்பான ரகம்; கசக்காது என்பதற்காகவே அதற்கு அந்த விலை. ஆகவே ஊர்ப்பெயரும் பொய் என்றே நான் கருதுகிறேன்.

பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமல் இருக்கவும், இதழ் வெளுத்துத் தெரியவும், உலர்த்தும்போது கந்தகம் எரித்துப் புகையூட்டுவது பழைய வழக்கம். சீன அரசின் மருந்துத் தர நூல் பொதுவாக மூலிகைகளுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு எச்சத்தையே வரம்பாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவில் சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அட்டையில் குறிப்பிட வேண்டும். சாடியிலிருந்து அள்ளிக் கொடுத்த என் பொட்டலத்திலோ ஓர் எழுத்துகூட இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, திறந்த பொட்டலத்தை வாங்குவதில்லை என்றார்கள். ஆஸ்துமா பற்றிக் கேட்டதற்கு, 'நான் வைத்தியர் இல்லையே' என்றார் அதே மனிதர். அந்த ஒரு வாக்கியம் மட்டும் உண்மை. பதிவுபெற்ற சீன வைத்தியர் நாடி பார்த்து, பெரும்பாலும் 6 முதல் 12 கிராம் வரைதான் எழுதுவார். குளிர்ச்சித் தன்மையுள்ளது என்பதால், குளிரால் வந்த இருமலுக்கும் வயிறு இளகிப்போகிறவர்களுக்கும் அந்த மரபே இதை விலக்கச் சொல்கிறது. ஆஸ்துமா மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று எந்த நல்ல வைத்தியரும் சொல்லமாட்டார்.

இப்போது ஆன்ட்டி வாங்குவது காற்று நீக்கிய உறையில் வரும், உலர்த்தாத பச்சைக் கிழங்கு. மண் போகக் கழுவி, பழுப்பேறிய வெளியிதழை நீக்கி, செலரித் தண்டோடு இரண்டு நிமிடம் வதக்கினால் பூண்டின் வடிவமும் சேப்பங்கிழங்கை நினைவூட்டும் மாவுத்தன்மையுமாக நன்றாகவே இருக்கிறது.

இதைத் தொலைபேசியில் கேட்ட நாகப்பட்டினத்துச் சித்தி, 'லில்லிக் கிழங்குதானே, நம்ம வேலியிலயே கிடக்கே' என்றபோதுதான் எனக்கு உண்மையில் வியர்த்தது. அவர் சொன்னது செங்காந்தளை. ஆங்கிலப் பெயரில் லில்லி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கண்வலிக்கிழங்கில் இருப்பது கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு, வேகவைத்தாலும் அது போகாது, தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு விற்கும் நார்சிசஸ் பூக்கிழங்கும் வெங்காயம் போலவே தோன்றும், அதுவும் நஞ்சுதான். பூந்தொட்டிக்கென விற்கும் லில்லிக் கிழங்குகளில் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கலாம் என்பதால் அவற்றையும் சமைக்கக் கூடாது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் லில்லியின் இலை, பூ, மகரந்தம் எதுவும் அதன் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிதளவே அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

மிச்சமிருந்த கிழங்கை உறையிலிட்டு, ரசீதின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறேன். ரசீதில் அச்சாகியிருப்பது 'உலர்பொருள், 24 வெள்ளி' என்பது மட்டுமே. வாங்கும்போதே பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.