செட்டியார் தெருவில் வைர மோதிரம்

தாலிக்கொடிக்குக் கொழும்புச் செட்டியார் தெருவை அடிக்க ஆளில்லை. நிச்சயதார்த்த வைர மோதிரத்துக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 22 கரட் பொன் மெத்தென்றது. கல்லைப் பிடிக்கும் நகங்கள் சட்டையில் கொளுவியே நிமிர்ந்துவிடும், பிறகு கல் ஆடும். 18 கரட்டில் கேளுங்கள்.

கடையில் கல்லில் தொட்டுக் காட்டும் வெப்பச் சோதனைப் பேனாவை நம்ப வேண்டாம். வைரம் போலவே தெரியும் வேறொரு கல்லான மொய்சனைட்டுக்கும் அது 'வைரம்' என்றே ஒலிக்கும். 10 மடங்கு லென்ஸில் கல்லைச் சற்றுச் சரித்துப் பாருங்கள்: அடிப்பட்டைகளின் விளிம்புக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் மொய்சனைட். சான்றிதழ் எண் கல்லின் இடைவிளிம்பில் பொறித்திருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

வைரம்தான் என்று அடம்பிடிக்காவிட்டால் நம்மூர் நீலக்கல் இருக்கிறது. 1981 இல் இளவரசி டயானா நிச்சயதார்த்த மோதிரத்தில் அணிந்ததும் இலங்கைக் கல்தான். எதை வாங்கினாலும் பில்லில் பொன்னின் எடை, கல்லின் கரட், கூலி மூன்றும் தனித்தனியே வரட்டும். பொன்னுக்குக் கரட் என்றால் தரம்; கல்லுக்கு அது எடை, 1 கரட் 0.2 கிராம்.